ஆணி வாளியும் ஒற்றைக் காலும்

ஹெரிபெர்ட் டால்ஹோஃபுக்கு நீடர்ஹோல்ட் ஊரில் பிடித்த மனிதர்கள் மொத்தம் இரண்டரைப் பேர். ஒருவர், செத்துப்போன அவருடைய அப்பா. இன்னொருவர் ஹெரிபெர்ட்டேதான். மீதி அரைப் பங்கு அவர் மனைவி அன்னெகிரேட்டுக்கு, அதுவும் அவள் வாயைத் திறக்காத நேரத்துக்கு மட்டும்.

நாற்பத்தைந்து வருஷம் கூரை வேய்ந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் மெல்லிய கற்பலகைக் கூரைதான்; மாதாகோவில் கோபுரம் முதல் மாட்டுக் கொட்டில் வரை அவர் ஆணி அடிக்காத கூரை ஊரில் கிடையாது. ஊரையும் ஊராரின் வழுக்கைத் தலைகளையும் மேலிருந்து பார்த்தே பழகிய மனிதர், ஓய்வு பெற்றுத் தரைக்கு வந்த பிறகும் அந்தப் பார்வையை மட்டும் கீழே இறக்கவில்லை. இரண்டு கையிலும் கோல் பிடித்து நடைப்பயிற்சி போகிறவர்களைக் கண்டால், "ஜூன் மாசத்துல எந்தப் பனியில சறுக்கப் போறீங்க?" என்பார். சனிக்கிழமைதோறும் காரைக் கழுவும் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து, "பெத்த பிள்ளையக்கூட இப்படிக் குளிப்பாட்டிருக்க மாட்டான்" என்பார். ஊரில் யாரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது முழுசாகத் திரும்பி வராது.

அவர் தலையை இவ்வளவு நிமிர்த்தி வைத்திருந்தது ஒரே ஒரு சங்கதி. புனித செபஸ்தியார் குறிசுடும் சங்கத்தின் கொடி முப்பத்தொரு வருஷமாக அவர் கையில் இருந்தது.

சங்கத்தின் திருவிழா ஜூன் கடைசியில் மூன்று நாள் நடக்கும். கம்பத்தின் உச்சியில் இருக்கும் மரப்பறவையைச் சுட்டு வீழ்த்துகிறவன் அந்த வருஷத்து ராஜா. ராஜா வருஷத்துக்கு ஒருவன் வருவான், போவான். கொடிக்காரன் அப்படி அல்ல. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் அவன் கொடி வீச வேண்டும். செபஸ்தியாரை மரத்தில் கட்டி வைத்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதாக ஐதீகம்: முதலில் தலைக்கு மேல், பிறகு இடுப்பைச் சுற்றி, கடைசியாகக் கால்கள். கால் கட்டை அவிழ்ப்பதில்தான் இருக்கிறது வித்தை. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை முழங்கால் மடக்கி உயர்த்தி, அந்தப் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நாலு கிலோக் கொடியை ஐந்து முறை வீசி எடுக்க வேண்டும். பிறகு கால் மாற்றி ஐந்து முறை. துணி தரையில் பட்டால் பதவி போய்விடும். சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது.

ஹெரிபெர்ட்டுக்கு முன்னால் கொடி வைத்திருந்தவர் அலோயிஸ் என்ற மர அறுவை ஆலைத் தொழிலாளி. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு திருவிழாவில் அலோயிஸுக்குக் கால் நடுங்கித் துணி தரையைத் தொட்டது. கிழவர் மழையில் கல் சறுக்கியதாகச் சொல்லிப் பார்த்தார். அப்போது முப்பத்தேழு வயதுக் காளையாக நின்ற ஹெரிபெர்ட், ஊர் மொத்தமும் கேட்கச் சொன்னார்: "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. ஒத்தக் கால்ல நிக்க முடியாதவனுக்குக் கொடி எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. அலோயிஸ் கொடியை நீட்டினார். நீட்டும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "எப்பவும் வலது கைதான். இடது கைக்குக் கொடி போகக் கூடாது." அந்தச் சொல்லை ஹெரிபெர்ட் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த முப்பத்தொரு வருஷமும் அவருடைய இடது கை வெள்ளைக் கையுறைக்குள் இடுப்பில் மடங்கி, ஒன்றும் செய்யாமல், மாப்பிள்ளைத் தோழன் போல் மிடுக்காக இருந்தது.

போன வருஷத் திருவிழாவில் அவருக்கே அது நேர்ந்தது. வலது காலில் நின்றபோது இடுப்பு ஒருபக்கம் தொய்ந்து, துணியின் நுனி வாசலில் தேங்கியிருந்த மழைநீரில் நனைந்த மாதிரி இருந்தது. நனைந்ததா இல்லையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பீர் குடித்தது. "காத்து" என்றார் ஹெரிபெர்ட். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

இந்த வருஷம் மார்ச் மாதம் சங்கத் தலைவர் க்ளெமென்ஸ் அவர் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"டேய், செயற்குழு முடிவு பண்ணிருக்கு" என்றார் க்ளெமென்ஸ், காபியைக் கலக்கியபடி. "திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னாடி, சங்கக் கூடத்துல நீ ஒரு தடவை முழுசா வீசிக் காட்டணும். காட்டிட்டா கொடி உனக்கு. இல்லேன்னா தோர்ஸ்டனுக்கு."

"எந்தத் தோர்ஸ்டன்? உன் மருமகனா? அந்த இன்ஷூரன்ஸ்காரனா? அவன் கொடி வீசினா பொம்பள மேசைத்துணி உதறுற மாதிரி இருக்கும்."

"மேசைத்துணி தரையில படாம உதறுவான்ல, அது போதும்."

அன்னெகிரேட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை ஹெரிபெர்ட் பார்த்துவிட்டார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, வலது இடுப்பின் தசைதான் சோம்பிப் போயிருக்கிறது என்று சொல்லி, உடற்பயிற்சி சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் ஹெரிபெர்ட் ரோஸ்வித்தாவிடம் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது, தோளில் வலு, நாக்கில் அதைவிட வலு. ஊர் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பவள். அவளுடைய பயிற்சி அறையில் ஏற்கனவே நாலைந்து பெண்மணிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரோஸ்வித்தா அவர் கையில் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றைக் கொடுத்தாள். நாலு கிலோ.

"நேரா நில்லுங்க. கனத்த ஒரு கையில தொங்க விடுங்க. முழங்காலை இடுப்பு உயரத்துக்கு மெதுவா தூக்குங்க. மூணு எண்ணுங்க. சத்தமில்லாம இறக்குங்க. அப்புறம் அடுத்த கால். நின்ன இடத்துலயே நடை, அவ்வளவுதான்."

ஹெரிபெர்ட் அந்தப் பெண்மணிகளைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார். "இது பாலர் பள்ளிப் பிள்ளைங்க ஆடுற ஆட்டம். நான் முப்பத்தொரு வருஷம் ஊர்வலத்துல முன்னாடி நடந்தவன்."

"முன்னாடி நடந்தீங்க. இப்ப நின்ன இடத்துல நடங்க, பாப்போம்."

அவர் நடந்தார். அது ஒரு நடையா! ஊர்வலத்தில் நடப்பது போலவே நெஞ்சை நிமிர்த்தி, இடது கால் முதலில், தட், தட் என்று தரையை மிதித்தார். மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளை ஆடியது. சுவரோரம் நின்ற பெண்மணி ஒருத்தி பயந்து காலை இறக்கிவிட்டாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள் ரோஸ்வித்தா. "வேகமா போட்டா காலு தானா மேல போயிட்டு தானா கீழ வரும், இடுப்புக்கு வேலையே இல்ல. தூக்குற காலுக்கு இல்ல இந்தப் பயிற்சி, நிக்கிற காலுக்கு. இன்னொண்ணு. உங்களுக்கு வலது இடுப்புதான் சொத்தை. அதனால கனம் இடது கையில இருக்கணும். வலது கால்ல நின்னு இடது காலைத் தூக்குங்க. அப்பதான் வலது இடுப்பு உங்கள இழுத்துப் பிடிக்கும்."

"இடது கையிலயா?"

"ஆமா. வலது கையில வச்சா, நல்லா இருக்கிற இடது இடுப்புதான் இன்னும் பலமாகும். பணக்காரனுக்கே பரிசு விழுந்த மாதிரி."

"அம்மா, நான் கொடிக்காரன். கொடி இடது கைக்குப் போகாது. கையைப் பழக்கினா கெட்ட பழக்கம் ஒட்டிக்கும்."

"இது கொடி இல்ல. இரும்பு."

"எனக்கு எல்லாம் கொடிதான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்? ஒவ்வொரு செவ்வாயும் அவள் சொன்னாள், ஒவ்வொரு செவ்வாயும் அவர் குண்டை வலது கையிலேயே பிடித்தார். ஆறு தடவைக்கான சீட்டு அப்படியே தீர்ந்தது. கடைசி நாள் அவள், "மே மாசம் சங்கக் கூடத்துக்கு நானும் வருவேன். முரசு நான்தான். விழும்போது தாளத்தோட விழுங்க" என்றாள்.

வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். வீட்டில் இரும்புக் குண்டு இல்லை. வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று, பழைய ஆணி வாளியைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தார். பலகை அடிக்கும் ஆணிகளைப் போட்டுக் கூரைக்கு ஏற்றின தகர வாளி. தினமும் காலை ரொட்டி தின்றதும் சமையலறை நடுவில் நின்று, வாளியை வலது கையில் தொங்கவிட்டு, நடை தொடங்குவார். ஒவ்வொரு மிதிக்கும் ஆணிகள் கலகலவென்று குதிக்கும். மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கும் அன்னெகிரேட்டுக்கு அது தெருவில் பழைய இரும்பு வண்டி போகிற மாதிரி கேட்கும்.

"ரோஸ்வித்தா என்ன சொன்னா தெரியுமா?" என்று ஒருநாள் கீழே வந்து கேட்டாள். "சரியா செஞ்சா ஆணி சத்தமே வராதாம்."

"நீ எப்ப அவகிட்ட பேசின?"

"ரொட்டிக் கடையில. ஊர் மொத்தத்துக்கும் தெரியும்யா, நீ தப்பாத்தான் செய்றேன்னு. உனக்கு மட்டும்தான் தெரியாது."

"ஊருக்கு ஒத்தக் கால்ல நிக்கத் தெரியுமா? ரெண்டு கால்லயே ஒழுங்கா நிக்கத் தெரியாத கூட்டம்."

அவள் உருளைக்கிழங்குப் பையை இடது கையில் எடுத்தாள், வலது காலில் நின்றாள், இடது முழங்காலைத் தூக்கினாள், மூன்று எண்ணினாள், இறக்கினாள். சத்தமில்லை. பையை வைத்துவிட்டுக் கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். ஹெரிபெர்ட் அன்று முழுக்க அந்தப் பையின் பக்கமே போகவில்லை. அடுத்த நாளும் வாளி வலது கையில்தான்.

ஒன்பது வாரம் இப்படியே போனது. இடது இடுப்பு எருமை போலத் திரண்டது. வலது இடுப்பு இருந்தபடியே இருந்தது. அவருக்கு உள்ளுக்குள் அது தெரியாமல் இல்லை. காலுறை போடும்போது வலது காலில் நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்; உட்காருவதற்கு முன் அன்னெகிரேட் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். கொடி போய்விட்டால் தான் யார் என்று யோசித்துப் பார்த்தார் ஒருமுறை. கார் கழுவும் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அந்த எண்ணம் வந்ததும் பயந்துபோய் இன்னும் பலமாக மிதித்தார்.

மே கடைசி ஞாயிறு, பூசைக்குப் பிறகு சங்கக் கூடம் நிறைந்துவிட்டது. சோதனை செயற்குழுவுக்கு மட்டும்தான் என்று பேச்சு. ஆனால் ஒருவன் விழுவான் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் செயற்குழு பெரிசாகிவிடும். பிளம்பழக் கேக்கோடு வந்தவர்கள்கூட உண்டு. தோர்ஸ்டன் புதுசாக வாங்கிய வெள்ளைக் கையுறையை மடித்துப் பையில் வைத்திருந்தான். வைத்திருப்பது தெரியும்படி வைத்திருந்தான்.

ரோஸ்வித்தா முரசைத் தட்டினாள். ஹெரிபெர்ட் பச்சைக் கோட்டும் இறகுத் தொப்பியுமாக நடுவுக்கு வந்தார். தலைக் கட்டை அவிழ்த்தார், அழகு. இடுப்புக் கட்டை அவிழ்த்தார், அதைவிட அழகு. வலது காலைத் தூக்கி இடது காலில் நின்றார். ஐந்து வீச்சு. ஆணியடித்த பலகை மாதிரி அசையாமல் நின்றார். கூடத்தில் யாரோ, "அட, கிழவன் தேறிட்டான்யா!" என்றார்கள். ஹெரிபெர்ட் தோர்ஸ்டனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கால் மாற்றினார். ஒன்று. இரண்டாவது வீச்சில் வலது இடுப்பு தொய்ந்தது. மூன்றாவதில் மனிதரே சாய்ந்தார்.  துணி தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஹெரிபெர்ட் கொடியைக் காப்பாற்றுவதற்காகத் தன்னை விட்டுவிட்டார். தடாலென்று மல்லாந்து விழுந்தார், வலது கை மட்டும் நேராக மேலே. கொடி கூரையைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. ரோஸ்வித்தா கைப்பழக்கத்தில் முரசை ஒரு தட்டுத் தட்டிவிட்டாள்.

தரையிலிருந்து குரல் வந்தது: "கொடி படல! எல்லாரும் பாத்தீங்கல்ல? கொடி தரையில படல!"

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது இதுதான். ஆனால் சட்டப்படி அவர் சொன்னது சரி. க்ளெமென்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். கொடி தரையில் படக் கூடாது என்று இருந்தது, கொடிக்காரன் படக் கூடாது என்று எங்கும் இல்லை.

"சரிடா, படல. எழுந்திரு" என்றார்.

ஹெரிபெர்ட் எழவில்லை. இடது பக்கம் புரண்டால் வலது காலை ஊன்றி எழ வேண்டும். அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வலது பக்கம் புரண்டால் வலது கையை ஊன்ற வேண்டும், அதில் கொடி. இரண்டு முறை இடது பக்கம் உருண்டு பார்த்தார், கவிழ்ந்த வண்டு போல.

"அண்ணே, கொடிய நான் பிடிச்சுக்கிறேன்" என்று தோர்ஸ்டன் குனிந்தான்.

"கைய வச்ச, உடைச்சிடுவேன்!"

"அப்ப இடது கைக்கு மாத்திட்டு எழுந்திருடா" என்றார் க்ளெமென்ஸ்.

"இடது கைக்குப் போகாது. சட்டம்."

க்ளெமென்ஸ் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். ஹெரிபெர்ட்டின் கையில் கொடி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "டேய், அப்படி ஒரு சட்டமே இல்லடா" என்றார் க்ளெமென்ஸ்.

"அலோயிஸ் சொன்னாரு! எப்பவும் வலது கைதான்னு!"

பின்வரிசையில் சங்கத்திலேயே மூத்தவரான எங்கெல்பெர்ட் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது. அவர் நிதானமாகச் சொன்னார்: "அவன் வலது கைலதான்பா பிடிப்பான். இடது கைல மூணு விரல ரம்பம் தின்னுட்டுதுல்ல? கையுறைக்குள்ள பஞ்சு வச்சுத் தச்சுக் குடுத்ததே என் பொண்டாட்டிதான்."

 அலோயிஸின் கையில் இரண்டு விரல்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஹெரிபெர்ட்டுக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு ஊனத்தை முப்பத்தொரு வருஷம் சட்டம் என்று கும்பிட்டிருக்கிறார். ஊனத்தைத் தன் வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அலோயிஸ் அதை ஒரு விதி மாதிரிச் சொல்லியிருக்கிறார். அவரை அன்றைக்கு ஊர் நடுவில் நிறுத்திச் சிரித்த ஒருவனிடம் வேறு எப்படிச் சொல்வார்? பிறகுதான் சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது ரோஸ்வித்தா.

அன்னெகிரேட் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மண்டியிட்டு, கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். "கை மாத்துய்யா" என்றாள் மெதுவாக. "முதுகு ஜில்லுன்னு ஆயிடும்."

ஹெரிபெர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே போட்ட கூரை. கீழேயிருந்து அதை இதுவரை அண்ணாந்து பார்த்ததில்லை. பிறகு கொடியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை ஊன்றினார், இடது காலை ஊன்றினார், முக்கினார், எழுந்து நின்றார். துணி தரையில் படவில்லை.

"சட்டப்படி பாத்தா..." என்று க்ளெமென்ஸ் சங்கடத்தோடு தொடங்கினார். "கொடி படல. வீச்சும் முடியல. நீயே சொல்லு. நீயா கொடுக்கலேன்னா யாரும் பிடுங்க முடியாது."

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தோர்ஸ்டன் கையுறையைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினான். ஹெரிபெர்ட்டின் தாடை அசைந்தது. ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்த அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"ஒத்தக் கால்ல நிக்க முடியாதவனுக்குக் கொடி எதுக்கு?"

இடது கையாலேயே கொடியைத் தோர்ஸ்டனிடம் நீட்டினார். தொப்பியைச் சரிசெய்தபடி அலோயிஸின் பேரன் பேத்திகள் உட்கார்ந்திருந்த வரிசையைக் கடந்து போனார். அவர்கள் பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை.

மறுநாள் காலை அன்னெகிரேட் மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். கீழே சத்தமே இல்லை. ஆணிச் சத்தம் ஒன்பது வாரமாகக் காதைத் துளைத்த நேரம் அது. ஒரு நிமிஷம் பொறுத்தாள், இரண்டு நிமிஷம் பொறுத்தாள். விழுந்துவிட்டாரோ, மனசு விட்டுப்போய் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

ஹெரிபெர்ட் சமையலறை நடுவில் வலது காலில் நின்றுகொண்டிருந்தார். இடது முழங்கால் இடுப்பு உயரத்தில். இடது கையில் வாளி. முகமெல்லாம் வியர்வை, கண்ணும் ஈரம். உதடு எண்ணியது. கால் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. வாளியில் ஒரு ஆணிகூட அசையவில்லை.

"என்ன பாக்குற?" என்றார். "அந்த இன்ஷூரன்ஸ்காரன்கிட்டச் சொல்லு. அடுத்த வருஷம் அவனுக்கு உதற மேசைத்துணி நானே வாங்கித் தரேன்னு."